‘சாப்ட்டாச்சா?’ என்று கேட்க மறந்த மகள்கள்... நாஞ்சில் நாடன் கதைகளில் ஓர் அடுக்களை உலா!

அமாவாசை நாள். விரதம் இருக்கும் பெரியவர் ஒருவர், கட்டிக்கொடுத்த மகள்களைப் பார்க்கக் கிளம்புகிறார். ஒரு வீடு இல்லாவிட்டால் இன்னொரு வீட்டில் இலை போட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால், அக்கா வீட்டில் சாப்பிட்டிருப்பார் என்று தங்கை நினைக்கிறாள். தங்கை வீட்டில் சாப்பாடு ஆகியிருக்கும் என்று அக்கா நினைக்கிறாள். இரண்டு மகள்களுக்கும் அப்பா மீது பாசம் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்க மறந்துவிட்டார்கள். வாய் விட்டுக் கேட்க அவருக்கும் கூச்சம். வெறும் வயிற்றோடு ஊர் திரும்புகிறார் அப்பா.

படிக்கும்போது சிரிப்பு வரும். முடித்ததும் ‘நம் அப்பா சாப்பிட்டாரா?’ என்று போனை எடுக்கத் தோன்றும்!

இந்தக் கதையின் பெயர் ‘விரதம்’. நா.பார்த்தசாரதி நடத்திய ‘தீபம்’ இதழில் 1975-ல் வெளியானது. எழுதியவருக்கு அப்போது வயது 27. நாஞ்சில் நாடன் என்று தமிழ் வாசகர்கள் இன்று அறியும் க.சுப்பிரமணியம்தான் அவர்.

பம்பாயில் பிறந்த ஊர் ஞாபகம்

நாகர்கோவில் பக்கம், பழையாற்றங்கரையில் இருக்கும் வீரநாராயணமங்கலத்தில் 1947-ல் பிறந்தவர் நாஞ்சில் நாடன். கணிதம் படித்துவிட்டு, 1972-ல் வேலைக்காக பம்பாய் போனார். வயலும் குளமும் கோயில் கொடையுமாக வளர்ந்தவருக்கு அந்தப் பெரிய நகரத்தில் ஊர் ஞாபகம் வந்தது. அதுதான் பேனாவைப் பிடிக்க வைத்தது. 1977-ல் முதல் நாவல் ‘தலைகீழ் விகிதங்கள்’ வந்தது. வசதியான வீட்டில் பெண் எடுத்த ஏழை மாப்பிள்ளை படும் பாட்டைச் சொல்லும் அந்த நாவல்தான், 2002-ல் தங்கர் பச்சான் இயக்க, சேரன் நடித்த ‘சொல்ல மறந்த கதை’ திரைப்படமானது.

அவர் எழுத்தில் ஊர் என்றால் அதில் பாதி சாப்பாடு. ‘நாஞ்சில் நாட்டு உணவு’ என்று தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

தமிழும் மலையாளமும் ஒரே இலையில்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களைத்தான் நாஞ்சில் நாடு என்பார்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு இணையும் வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. அந்தச் சரித்திரத்தை இன்றும் கல்யாண இலையில் பார்க்கலாம். சாம்பாரும் ரசமும் ஒரு பக்கம், அவியலும் எரிசேரியும் புளிசேரியும் இன்னொரு பக்கம். ஏத்தன்காய் உப்பேரி, இஞ்சிப் பச்சடி, கடைசியில் பிரதமன். வீட்டுச் சாப்பாடு என்றால் தேங்காய் அரைத்த மீன்கறியும் மரச்சீனிக்கிழங்கும். பழத்துக்கு, விரல் நீள மட்டிப்பழம். கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இந்த ஊர்க்காரர்களை உருக வைக்கும் இன்னொரு பெயர் உள்ளித்தீயல். உள்ளி என்றால் சின்ன வெங்காயம். துருவிய தேங்காய் ஒரு கப், மிளகாய் வற்றல் நான்கைந்து, மல்லி இரண்டு ஸ்பூன். இவற்றைச் சிறு தீயில் வறுக்க வேண்டும். தேங்காய் பொன்னிறம் தாண்டி நல்ல பழுப்பு நிறம் வரும் வரை கை ஓயக் கூடாது; கருகவும் கூடாது. ஆறியதும் மை போல அரைத்து, எண்ணெயில் வதக்கிய உள்ளியோடும் புளிக்கரைசலோடும் கொதிக்கவிட்டால் தீயல் ரெடி. மறுநாள் இன்னும் ருசிக்கும்.

ருசி மட்டுமா?

ஆனால், சமையல் குறிப்புக்காக மட்டும் நாஞ்சில் நாடனைப் படித்தால் பாதிதான் கிடைக்கும். அவர் இலையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்பதில்லை. இலை யாருக்குக் கிடைக்கவில்லை என்றும் பார்க்கிறார்.

‘இடலாக்குடி ராசா’ கதையில், ஊர் ஊராகச் சுற்றித் திரியும் வெள்ளந்தி மனிதன் ஒருவனை, கல்யாணப் பந்தியில் இளைஞர்கள் விளையாட்டாகக் கேலி செய்கிறார்கள். அவன் சாப்பிடாமலே எழுந்து போய்விடுகிறான். அத்தனை பேரின் வயிறு நிறைந்தும் அந்தப் பந்தி தோற்றுப்போகிறது. ‘யாம் உண்பேம்’ கதை நடப்பது மகாராஷ்டிராவில். பசியோடு இருக்கும் ஏழை முதியவர், சாப்பிட உட்கார்ந்தவரிடம் ‘எனக்குக் கொடு’ என்று கேட்கவில்லை. ‘நாம் சாப்பிடுவோம்’ என்ற பொருளில் பேசுகிறார். அந்த ஒரு சொல்லில் பிச்சை, பந்தியாக மாறிவிடுகிறது!

வயது ஏறியது, சிரிப்பும் ஏறியது

1989-ல் கோயம்புத்தூருக்கு வந்தபோது நாஞ்சில் நாடன் நாற்பதைக் கடந்திருந்தார். 1993-ல் வந்த ‘சதுரங்கக் குதிரை’ நாவலின் நாயகன் நாராயணன், கல்யாண வயதைத் தாண்டியும் பம்பாயில் தனியாளாக நிற்பவன். ஊருக்கு வந்தாலும் விருந்தாளி, நகரத்திலும் விருந்தாளி. நடுவயதுத் தனிமையை இவ்வளவு அடங்கிய குரலில் சொன்ன நாவல்கள் தமிழில் குறைவு.

அதே எழுத்தாளர் பின்னர் படைத்த கும்பமுனி வேறு ரகம். எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும், எல்லோரையும் கிண்டலடிக்கும் வயதான எழுத்தாளர். அவருக்குச் சமைத்துப் போடுபவர் தவசிப்பிள்ளை கண்ணுப்பிள்ளை. நாஞ்சில் நாட்டில் சமையல்காரருக்கு தவசிப்பிள்ளை என்று பெயர். எழுத்தாளர் ஒன்று சொன்னால் சமையல்காரர் ஒன்பது சொல்வார். அரசியல், இலக்கியம், விருது என்று இருவரும் வாரிவிடாத விஷயம் இல்லை.

தன் தொழிலையே கேலி செய்யும் இந்தத் துணிச்சல், இளம் வயது நாஞ்சில் நாடனிடம் இவ்வளவு வெளிப்பட்டதில்லை. நடுவயதுக்குப் பிறகும் ஒருவர் புதிதாகத் தொடங்கலாம் என்பதற்கு இவர் எழுத்தே சாட்சி. சாகித்ய அகாடமி விருது அவரைத் தேடி வந்ததும் 2010-ல்தான், ‘சூடிய பூ சூடற்க’ சிறுகதைத் தொகுப்புக்காக.

‘விரத’த்தையும் கும்பமுனி கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் புரியும். அங்கே பெற்ற மகள்கள் கேட்க மறந்தார்கள். இங்கே ரத்த சொந்தம் இல்லாத சமையல்காரர், வாய்ச்சண்டைக்கு நடுவிலும் வேளா வேளைக்கு அடுப்பு பற்றவைக்கிறார். யார் குடும்பம் என்பதை நாஞ்சில் நாடனின் அடுக்களை இப்படித்தான் தீர்மானிக்கிறது.

புதிதாகப் படிப்பவர்கள் ‘விரதம்’ கதையிலிருந்தே தொடங்கலாம். சின்னக் கதைதான். தீயலுக்குத் தேங்காய் வறுபட்டு ஆறும் நேரத்துக்குள் முடித்துவிடலாம். பிறகு, தட்டைப் போடும் முன் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.