சக்கரம் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும்?

"வேலைக்குப் போறதுக்கு நாம எதுக்கு மக்களே சக்கரம் குடுக்கணும்?"

மணவாளக்குறிச்சியில் ஒரு பாட்டி, கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தன் பேத்தியிடம் கேட்டது இது. திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு 1956-இல் தமிழகத்தோடு சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும், குமரிப் பெரியவர்கள் சிலருக்குப் பணம் இன்னும் அந்தக் காலத்துச் சக்கரம்தான். பேத்தியின் வாட்ஸ்ஆப்பில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. ஒரு மாத ஆன்லைன் இன்டர்ன்ஷிப், சில ஆயிரம் ரூபாய் கட்டணம், முடித்ததும் சர்டிபிகேட், நன்றாகச் செய்தால் வேலை. "கிளாஸ்ல பாதிப் பேரு கட்டியாச்சு பாட்டி" என்பதுதான் பேத்தியின் பதில்.

பாட்டியின் கேள்விக்குப் பின்னால் இந்த ஊரின் அனுபவம் இருக்கிறது. இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்ததிலிருந்து இங்கே மணல் ஆலை உண்டு. இன்று அது ஐ.ஆர்.இ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்திடம் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒரு ஆலைக்கு 'அப்ரண்டிஸ்' ஆகப் போனால் மாதாமாதம் உதவித்தொகை வீட்டுக்கு வரும் என்பது இங்குள்ளவர்கள் கண்ணால் கண்டது. இன்டர்ன்ஷிப்பும் அதுபோல ஒன்று என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு. ஏமாற்று புகுவது அந்த இடைவெளியில்தான்.

அப்ரண்டிஸுக்கு 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அரசிடம் பதிவாக வேண்டும். 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 என்று வைத்தன. பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு உண்டு. தகராறு வந்தால் தொழில் பழகுநர் ஆலோசகரிடம் போகலாம். பட்டதாரி, டிப்ளமோ பழகுநர்களுக்கான தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.

'இன்டர்ன்' என்று அழைக்கப்படும் கல்லூரி மாணவருக்கு இப்படியொரு தனிச் சட்டம் கிடையாது. உதவித்தொகை தரும் கட்டாயமும் இல்லை. பொறியியல் படிப்பில் இன்டர்ன்ஷிப், ப்ராஜெக்ட் போன்றவற்றுக்கு 14 முதல் 20 கிரெடிட் வரை ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் மாதிரிப் பாடத்திட்டம் ஒதுக்கியிருக்கிறது. 2024-25 முதல் பி.சி.ஏ.வும் அந்த அமைப்பின் கீழ் வந்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரே விடுமுறையில் இன்டர்ன்ஷிப் வேண்டும்; நாகர்கோவிலிலும் கழக்கூட்டம் டெக்னோபார்க்கிலும் அத்தனை நாற்காலி ஏது? மிச்சமுள்ளவர்களுக்கு சர்டிபிகேட் விற்க ஆள் வராமல் இருப்பானா? இறுதியாண்டு ப்ராஜெக்ட்டையே ரெடிமேட் சட்டைபோல் வாங்கப் பழகிய சூழலில் இது அடுத்த படி. விற்பவனைத் திட்டுவதோடு, சர்டிபிகேட்டை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடும் கல்லூரிகளையும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆகவே மாணவருக்குக் காவல், கையிலிருக்கும் தாள்தான். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை, யார் வழிகாட்டி, உதவித்தொகை உண்டா இல்லையா என்பதெல்லாம் நிறுவனத்தின் கடிதத்தில் இருக்க வேண்டும். கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தின் நகலும் வேண்டும். நிறுவனத்தின் பதிவை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பதிவு இருந்தாலே நல்ல கம்பெனி என்று அர்த்தமில்லை. கம்பெனி என்று சொல்லிக்கொண்டு பதிவே இல்லையென்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

'பிரதமர் இன்டர்ன்ஷிப்' என்ற பெயரும் இப்போது நன்றாக விலைபோகிறது. 2024 அக்டோபரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு, பன்னிரண்டு மாதங்கள், மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தார்கள். முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அப்போது இடமில்லை. விண்ணப்பிக்கக் கட்டணமும் கிடையாது. அதில் இடம் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

சிலர் 'பாண்ட்' எழுதி வாங்கி, மார்க்‌ஷீட் அசலையும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அசலைக் கொடுக்கவே கூடாது. சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். பாண்ட் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. விஜயா வங்கி வழக்கில், இடையில் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. அதைக் காட்டி மாணவர்களைப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அந்த வழக்கில் இருந்தவர் சம்பளம் வாங்கிய வங்கி அதிகாரி. சம்பளமே இல்லாத மாணவரின் நிலை அதுவல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் நியாயமான இழப்பீட்டைத்தான் பேசுகிறது, தாளில் எழுதிய தொகை அப்படியே கைக்கு வந்துவிடாது. பதினெட்டு நிரம்பாதவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பே இல்லை.

கணினி மாணவர்கள் கவனிக்காத இன்னொன்று, எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம் என்பது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியரோ அப்ரண்டிஸோ வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குப் போகும். அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லாமல், சம்பளமும் இல்லாமல் எழுதியது, எழுத்தில் கைமாற்றிக் கொடுக்காதவரை எழுதியவருடையது. அதனால்தான் நீட்டும் தாள்களில் அந்த வரி எங்காவது ஒளிந்திருக்கும். அதே நிரலை இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாகக் காட்ட நினைப்பவர், கையெழுத்துக்கு முன்பே அனுமதியை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் சட்டம் தாளைக் கேட்பதில்லை. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சி பெறுபவர், சம்பளமில்லாமல் வேலை செய்பவர் எல்லாரையும் காக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும்.

வெளிநாட்டு ஆசை தனி. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போனவர்களை மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். விசிட் விசாவில் வேலைக்குக் கூப்பிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளூரிலும் 'இன்டர்ன்' வேலை என்று வங்கிக் கணக்கை இரவல் கேட்பவர்கள் உண்டு. மோசடிப் பணம் அதன் வழியே போனால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு வைத்திருப்பவரைத்தான்.

பணம் போய்விட்டதென்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்ன பயிற்சியைத் தராத தனியார் நிறுவனத்தின் மேல், இரண்டு வருடத்துக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே கிடைக்கும். ரசீது, வாட்ஸ்ஆப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள்.

கல்லூரி வழியாகப் போனவர்கள் முதல்வரிடமும் ஒரு மனு கொடுக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வராமல், நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.