முறைவழியாக்கியின் வெப்பமும் உடன்வருங் குளிராக்கியும்

மேசைக் கணினி வாங்கப் புகுவார்க்கு இந்நாளில் எழும் ஐயங்கள் பல. அவற்றுள் ஒன்று, முறைவழியாக்கியை ஆக்கினோர் அதனுடன் ஒரே பெட்டியில் இட்டு அனுப்பும் குளிராக்கி போதுமா, அன்றி வேறொன்றை விலைகொடுத்து வாங்கல் வேண்டுமா என்பது. வணிகருட் பலர் போதாதென்பர். எம் மாணாக்கன் ஒருவனின் தந்தையார், "கூலரை மாற்றாவிடின் புறொசெசர் எரிந்துபோகும்" என்று ஒரு கடையிற் கேட்டு, நினைவகத்துக்கென ஒதுக்கியிருந்த பணத்தை அதற்கே கொடுத்துவிட்டார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கணினி வாங்குங் குடும்பங்களுக்கு இஃது அற்ப விடயமன்று. ஆதலின், அக்கூற்றின் மெய்ம்மையைப் பௌதிக நெறிநின்று ஆராய்தல் தகும்.

முறைவழியாக்கி உட்கொள்ளும் மின்சத்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும். 1985 இல் வெளிவந்த 80386 என்னும் முறைவழியாக்கி விசிறி எதனையும் வேண்டியதன்று. 1993 இல் பென்ரியம் தோன்றியபோதே உலோகக் குற்றியும் அதன்மேல் விசிறியும் இன்றியமையாதனவாயின. அன்றுதொட்டு, பெருவிரல் நகத்தின் அளவினதாகிய சிலிக்கன் தகடொன்றில் அடங்கும் திரான்சிற்றர்கள் பல்கிப் பெருக, வெப்பமும் பெருகிற்று. இவ்வெப்பம் சிலிக்கனிலிருந்து மூடியுலோகத்துக்கும், பசையினூடாகக் குளிராக்கியின் அடிக்கும், அங்கிருந்து செட்டைகளுக்கும் கடத்தலாற் செல்லும். செட்டைகளினின்று விசிறி தள்ளும் காற்று அதனை மேற்காவுகையால் அகற்றும். உடன்வருங் குளிராக்கிகள் பெரும்பாலும் அலுமினியத்தாலானவை. செம்பின் கடத்துதிறன் அலுமினியத்தினதினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது. ஆயினும் அதன் விலையும் நிறையும் அதிகம்.

குளிராக்கி ஒன்றின் தரத்தை ஓர் எண்ணால் உரைக்கலாம். ஒரு வாற்று வெப்பம் பாயுங்கால், சூழ்ந்த காற்றிலும் பார்க்க முறைவழியாக்கி எத்தனை பாகை மிகுகின்றது என்பதே அவ்வெண். அதனை வெப்பத்தடை என்க. பசை முதலிய யாவும் உட்பட இத்தடை வாற்றுக்கு 0.6 பாகை செல்சியசு எனக் கணக்கின்பொருட்டுக் கொள்வோம். 65 வாற்று பாயின் வெப்பநிலை 39 பாகை மிகும். அறை 22 பாகையாயின் முறைவழியாக்கி 61 பாகையில் நிற்கும். 117 வாற்று பாயின் மிகுதி 70 பாகை. முறைவழியாக்கி 92 பாகையை எட்டும்.

117 என்னும் எண்ணை ஈண்டு எடுத்தது காரணம்பற்றியே. 2022 இன் தொடக்கத்தில் வெளிவந்த இன்ரெல் கோர் ஐ5-12400 இன் அடிப்படை வலு 65 வாற்று. ஆனால் வேகம் மிகுங்கால் அது 117 வாற்று வரை செல்லலாம் என ஆக்கினோரே அறிவித்துள்ளனர். பெட்டியின்மேற் காணும் சிறிய எண்ணை மட்டும் நம்புவோர் இதனைக் கருதுவதில்லை. ஐ7-12700 இன் நிலை இன்னும் வேறு. அதற்கும் அடிப்படை வலு 65 வாற்றுத்தான். உச்சமோ 180 வாற்று. இவ்விரண்டுக்கும் ஒரே வகைக் குளிராக்கியே உடன் வருகின்றது! முன்னதற்கு அது பொருந்தும். பின்னதற்கு நெடுநேரம் முழுவலுவில் இயங்குமிடத்து அது போதாதென்பது மேற்கண்ட கணக்கினாலேயே விளங்கும்.

ஆக்கினோரும் இதனை அறியாதவரல்லர். ‘கே’ என்னும் எழுத்துத் தாங்கிய உயர்வேக வகைகளுடன் குளிராக்கி அனுப்பும் வழக்கத்தை இன்ரெல் 2015 இல் ஸ்கைலேக் தலைமுறையோடு கைவிட்டது. ஏ.எம்.டி. நிறுவனமோ 2018 இல் றைசன் 7 2700எக்ஸ் உடன் றெய்த் பிறிசம் என்னும் பெரிய குளிராக்கியை அளித்தது. 2019 இன் றைசன் 5 3600 உடன் சிறியதாகிய றெய்த் ஸ்ரெல்த்தை அளித்தது. 2020 இன் றைசன் 7 5800எக்ஸ் உடன் ஒன்றையும் அளிக்கவில்லை. பெட்டியிற் குளிராக்கி இல்லாமையே, "யான் தரக்கூடியது உமக்குப் போதாது" என்னும் அறிவித்தல் எனலாம்.

இனி, எரிந்துபோகும் என்ற அச்சம். 2001 இல் ரொம்ஸ் ஹாட்வெயர் என்னும் செய்தித்தளத்தார், இயங்கிக்கொண்டிருந்த முறைவழியாக்கிகளின் குளிராக்கிகளைக் கழற்றிக் காட்டினர். அன்றைய அத்லன் கருகிற்று; பென்ரியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இற்றைநாளில் இரு நிறுவனத்தாரின் முறைவழியாக்கிகளும் அப்பாதுகாப்பை உடையன. 12400 தன் எல்லையாகிய 100 பாகையை எட்டின் மீடிறனைத் தானே தாழ்த்தும். எனவே குளிராக்கி போதாதெனின் நேர்வது வேகக் குறைவும் விசிறியின் இரைச்சலுமேயன்றி அழிவன்று. கட்டுரை தட்டச்சிடல், விரிதாள், இணையம், நிரலெழுதப் பழகல் ஆகியவற்றுக்கு 65 வாற்று வகையும் அதனுடன் வந்த குளிராக்கியும் தாராளமாகப் போதும் என்பதே என் துணிபு. காணொளி தொகுத்தலை மணிக்கணக்கிற் செய்வோர் வேறு வாங்கட்டும். இரைச்சல் பொறாதாரும் வாங்கலாம். அது செவியின் நலம்பற்றியது, முறைவழியாக்கியின் நலம்பற்றியதன்று.

ஒன்று மாத்திரம் நம்மவர் கருதற்பாலது. மேலைநாட்டுச் சோதனைகள் குளிர்ந்த அறைகளில் நிகழ்வன. யாழ்ப்பாணத்தில், குளிரூட்டாத அறையொன்று பங்குனி, சித்திரையில் 32 பாகையாக இருத்தல் வியப்பன்று. அங்ஙனமாயின் மேற்கண்ட 61 பாகை 71 ஆகும், அதனாற் கேடில்லை. ஆனால் 92 என்பது 102 ஆகும். அஃதாவது எல்லையைக் கடக்கும். சுவரோடு ஒட்டி வைத்த கணினிப் பெட்டிக்குள் இருக்கும் காற்று அறையினதிலும் வெப்பமானது. இந்நிலையில், தாய்ப்பலகையின் அமைப்பினுட் புகுந்து வலுவின் உச்சத்தைக் குறைத்துவைத்தல் செலவில்லாத வழி. இழக்கும் வேகம் அன்றாட வேலைகளிற் புலப்படாது.

குளிராக்கியின்மேற் சுமத்தப்படும் பழியுட் பெரும்பாலானது பொருத்தியவர் கையினால் வந்ததே. இன்ரெலின் குளிராக்கி நான்கு முளைகளால் தாய்ப்பலகையிற் பற்றுவது. அவற்றுள் ஒன்று முற்றும் இறங்காவிடின் அடித்தளம் சரிந்து, இடையிற் காற்று புகும். காற்றோ வெப்பத்தை மிக அரிதிற் கடத்துவது. மூலைக்கு எதிர்மூலையாக அழுத்தி, பலகையின் பின்புறத்தே நான்கு முனைகளும் வெளிப்பட்டனவா எனப் பார்த்தல் வேண்டும். அடியில் முன்னரே பூசப்பட்டுள்ள பசையை விரலால் தொடலாகாது. ஒருமுறை கழற்றினால் பழையதைத் துடைத்துப் புதியது பூசுதல் முறை. செட்டைகளிடையே தூசு படிந்து கம்பளம்போலாகிவிடின், நூற்றுக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய குளிராக்கியும் ஆயிரக்கணக்கில் வாங்கியதும் ஒன்றே. தவணைக்கு ஒருமுறை மின்னைத் துண்டித்து, விசிறியை விரலாற் பிடித்துக்கொண்டு, மென்றூரிகையால் அதனைத் துடைத்துவிடலாம்.