நிரம்பி ஓடும் பேருந்துகள், நிரம்பாத பணியிடங்கள்

புது தில்லி: தெலங்கானாவின் அரசுப் பேருந்து ஊழியர்களுக்கு நான்கே ஆண்டுகளில் இரண்டு பெயர்கள் சூட்டப்பட்டன. 2019 அக்டோபரில் அவர்கள் "தம்மைத் தாமே பணிநீக்கம் செய்துகொண்டவர்கள்". 2023 ஆகஸ்டில் அவர்களே "அரசு ஊழியர்கள்". இரண்டு பெயர்களையும் சூட்டியவர் ஒரே முதல்வர், கே. சந்திரசேகர ராவ்.

52 நாள் வேலைநிறுத்தம், அதன்பின் கரோனா பொதுமுடக்கம் என அடுத்தடுத்து இரு பேரிடிகளைச் சந்தித்த அந்த மாநிலப் போக்குவரத்துக் கழகம் மீண்டெழுந்து, இப்போது நாட்டிலேயே அதிக நெரிசலுடன் இயங்கும் பேருந்து நிறுவனங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஆனால் பேருந்துகள் மீண்ட வேகத்தில் பணியிடங்கள் மீளவில்லை. பிற மாநிலங்களும் பின்பற்றத் தொடங்கியுள்ள ஒரு திட்டத்தின் அடிப்பகுதியில் இருக்கும் சிக்கல் இதுதான்.

பண்டிகைக் கால வேலைநிறுத்தம்: 2019 அக்டோபர் 5-ஆம் தேதி, பதுகம்மா, தசரா பண்டிகைகளையொட்டி மக்கள் சொந்த ஊர்களுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 48,000 ஊழியர்கள் பணிக்குச் செல்லவில்லை. கழகத்தை அரசுடன் இணைக்க வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த 26 கோரிக்கைகளில் முதன்மையானது. அண்டை மாநிலமான ஆந்திரத்தில் ஜெகன்மோகன் ரெட்டி அரசு அதே இணைப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்ததால், தங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வி பணிமனைதோறும் எழுந்தது.

அரசு அசைந்து கொடுக்கவில்லை. குறித்த கெடுவுக்குள் பணிக்கு வராதவர்கள் வேலையை இழந்துவிட்டதாக அறிவித்தது. அன்றாடக் கூலிக்குத் தாற்காலிக ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அமர்த்தப்பட்டனர். பள்ளிகளின் தசரா விடுமுறை நீட்டிக்கப்பட்டது. ஹைதராபாத் மெட்ரோ ரயில்களில் கூட்டம் அலைமோதியது. மெட்ரோ எட்டாத கிராமங்களுக்கோ அந்த வசதியும் இல்லை.

கம்மத்தில் ஓட்டுநர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தது போராட்டத்தின் போக்கையே மாற்றியது. மாரடைப்பாலும் தற்கொலையாலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் சங்கங்கள் கூறின. அக்டோபர் 19-இல் மாநிலம் தழுவிய முழு அடைப்பு நடந்தது.

இந்த ஊழியர்கள் அன்றைய ஆளும் கட்சிக்கு அந்நியர்கள் அல்லர். 2011-இல் தனி மாநிலம் கோரி நடந்த "சகல ஜனுல சம்மெ" எனும் பொது வேலைநிறுத்தத்தில் பேருந்துகளை நிறுத்தி, போராட்டத்துக்கு வலுச் சேர்த்தவர்கள் அவர்கள். அப்போராட்டத்தின் பலனாக ஆட்சிக்கு வந்தவரே அவர்களைப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்களாக அறிவித்ததை எளிதில் மறக்க முடியவில்லை என்பது தொழிற்சங்க வட்டாரங்களில் நெடுநாள் கேட்ட பேச்சு.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது மற்றொரு முடிச்சும் வெளிப்பட்டது. ஒருங்கிணைந்த ஆந்திரக் கழகம், நாடாளுமன்றம் 1950-இல் இயற்றிய சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தின்கீழ் இயங்கியது; அதன் மூலதனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுடையது. 2014-ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் அக்கழகம் இடம்பெற்றிருந்தது. தெலங்கானா தனிக் கழகம் அமைத்ததற்குத் தனது ஒப்புதல் பெறப்படவில்லை என்று 2019 நவம்பரில் மத்திய அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஊழியர்களின் ஊதியத்தில் தொடங்கிய வழக்கு, கழகம் சட்டப்படி இருக்கிறதா என்ற கேள்வியில் வந்து நின்றது.

தோற்றவர்களுக்கு விருந்து: 5,100 வழித்தடங்களைத் தனியாருக்கு அளிக்கும் அமைச்சரவை முடிவில் தலையிட நீதிமன்றம் மறுத்ததையடுத்து, நவம்பர் 25-இல் சங்கங்கள் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டன. கோரிக்கை ஒன்றுகூட நிறைவேறவில்லை. மறுநாள் பணிமனைகளுக்குச் சென்றவர்களைக் காவல்துறை தடுத்து நிறுத்தியது. இரண்டு நாள்களுக்குப் பிறகே அமைச்சரவை அவர்களை ஏற்றுக்கொண்டது.

அதன்பின் காட்சி மாறியது. டிசம்பர் 1-இல் ஊழியர் பிரதிநிதிகளைத் தமது இல்லத்துக்கு அழைத்து உணவருந்திய முதல்வர், வேலைநிறுத்தக் காலத்துக்கும் ஊதியம் உண்டு என்றார். ஓய்வு பெறும் வயது 60 ஆனது. ஆனால் சங்கங்களுக்கு அங்கே இடமில்லை. பணிமனைதோறும் நலக் குழுக்கள் அமைக்கப்பட்டன. கட்டணம் கிலோ மீட்டருக்கு 20 காசு உயர்ந்தது. ஹைதராபாத் மாநகரில் நூற்றுக்கணக்கான பேருந்துகள் குறைக்கப்பட்டன. சமரசத்தின் செலவில் ஒரு பகுதி பயணிகள் தலையிலும் விழுந்தது.

சில மாதங்களிலேயே கரோனா வந்தது. 2020 மார்ச்சில் நின்ற பேருந்துகள் மாவட்டங்களில் மே மாதம் ஓடத் தொடங்கின. ஹைதராபாத் நகரப் பேருந்துகள் செப்டம்பர் இறுதியில்தான் வெளியே வந்தன.

புதுச்சேரியிலிருந்து ஒரு காணொலி உரையாடல்: எதை எதிர்த்து 52 நாள்கள் நின்றதோ, அதையே 2023 ஜூலை 31-இல் சந்திரசேகர ராவ் அரசு அறிவித்தது. கழகத்தின் 43,373 ஊழியர்கள் அரசுப் பணியில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள் என்றது. சட்டப்பேரவைத் தேர்தலுக்கு அப்போது நான்கு மாதங்களே இருந்தன. அறிவிப்பின் காரணத்தை வெளியே தேட வேண்டிய தேவை இல்லை.

நிதி தொடர்பான மசோதா என்பதால் அதைப் பேரவையில் அறிமுகம் செய்யவே ஆளுநரின் பரிந்துரை தேவைப்பட்டது. அன்றைய ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் விளக்கம் கேட்டார். மத்திய அரசின் பங்கு என்னவாகும்? ஓய்வூதியம் எப்படி? தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பு தொடருமா? கேள்விகள் நியாயமானவையே. ஆனால் பேரவைக் கூட்டம் முடிய ஒரே நாள் எஞ்சியிருந்ததால் அரசியல் சூடேறியது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி காலை இரண்டு மணி நேரம் பேருந்துகளை நிறுத்திவிட்டு ஊழியர்கள் ஆளுநர் மாளிகைக்குப் பேரணியாகச் சென்றனர். புதுச்சேரி துணைநிலை ஆளுநர் பொறுப்பையும் வகித்த தமிழிசை அப்போது அங்கே இருந்தார். அங்கிருந்தபடியே காணொலி வழியாகச் சங்கத் தலைவர்களிடம் பேசினார். மறுநாள் பரிந்துரை வந்தது, மசோதா நிறைவேறியது. செப்டம்பரில் ஒப்புதலும் கிடைத்தது.

சட்டம் வந்த பின்பும் இணைப்பு முழுமை பெறவில்லை. டிசம்பரில் ஆட்சி மாறியது. ரேவந்த் ரெட்டி தலைமையிலான காங்கிரஸ் அரசு பதவியேற்ற இரண்டாம் நாளே, டிசம்பர் 9-இல், மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது.

பூஜ்ய கட்டணச் சீட்டு: கழகத்தின் உண்மையான மீட்சி இங்கிருந்து தொடங்கியது எனலாம். கிராமப்புறப் "பல்லெ வெலுகு" பேருந்துகளும் விரைவுப் பேருந்துகளும் நிரம்பி வழிந்தன. 2025 ஜூலைக்குள் பெண்களின் இலவசப் பயணங்கள் 200 கோடியை எட்டின. அவற்றின் மதிப்பு சுமார் ரூ. 6,680 கோடி என அரசு கணக்குக் காட்டியது. ஆட்டோ ஓட்டுநர்கள் பிழைப்புப் போயிற்று என்று தெருவுக்கு வந்தனர். அதுவும் அத்திட்டத்தின் வெற்றிக்கு ஒரு சான்றே, கசப்பான சான்று.

பயணிகள் கூடினர். ஊழியர்கள் கூடவில்லை. 2019-இல் 48,000 அளவில் இருந்த எண்ணிக்கை இணைப்பு மசோதாவின்போது 43,373 ஆகி, 2025-இல் சுமார் 40,000 ஆகக் குறைந்திருந்தது. பல ஆண்டுகளாகப் பெரிய அளவில் ஆளெடுப்பே நடக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் வெறுமனே கிடந்தன. இருக்கும் ஓட்டுநரே அடுத்த நடைக்கும் செல்ல வேண்டியதாயிற்று. நெரிசலில் பூஜ்ய கட்டணச் சீட்டு ஒவ்வொன்றையும் அடையாள அட்டை பார்த்து வழங்குவது நடத்துநரின் வேலை. அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் கழகம் அரசிடம் பணம் கோர முடியும்.

2024 ஜூலையில் 3,035 பணியிடங்களை நிரப்ப அனுமதி அளிக்கப்பட்டது. அறிவிக்கை வர ஓராண்டுக்கு மேலாயிற்று. 2025 செப்டம்பரில் வெளியானது 1,743 இடங்களுக்கு: 1,000 ஓட்டுநர்கள், 743 பணிமனைத் தொழிலாளர்கள். குறைந்துபோன எண்ணிக்கையுடன் ஒப்பிட்டால் இது நிரப்புதல் ஆகாது, ஒட்டுப்போடுதல்.

அதே ஆண்டு மே 7 முதல் மீண்டும் வேலைநிறுத்தம் என்று சங்கங்கள் அறிவித்திருந்தன. 21 கோரிக்கைகளின் பட்டியலில் அரசுடன் இணைப்பும் இடம்பெற்றிருந்தது. சட்டம் நிறைவேறி இரண்டாண்டு நெருங்கிய நிலையில், அதே சட்டத்தைச் செயல்படுத்தக் கோரும் நிலை. போக்குவரத்து அமைச்சர் பொன்னம் பிரபாகருடன் நடந்த பேச்சுக்குப் பின் வேலைநிறுத்தம் தள்ளிவைக்கப்பட்டு, மூன்று ஐஏஎஸ் அதிகாரிகள் கொண்ட குழு அமைக்கப்பட்டது.

இதே கோரிக்கைக்காக மகாராஷ்டிரத்திலும் 2021 இறுதியில் தொடங்கிய வேலைநிறுத்தம் 2022 ஏப்ரல் வரை நீண்டது. இணைப்பு அங்கே மறுக்கப்பட்டது. ஆந்திரத்தில் 2020 ஜனவரி 1 முதல் ஊழியர்கள் அரசுத் துறையின் கீழ் வந்துவிட்டனர். அங்கும் 2025 ஆகஸ்ட் 15-இல் மகளிர் இலவசப் பயணம் தொடங்கியது.

தெலங்கானாவில் இனி வரவிருக்கும் பேருந்துகளிலும் இதே கேள்வி ஏறிக்கொண்டு வருகிறது. மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 2025-இல் ஹைதராபாதுக்கு 2,000 மின்சாரப் பேருந்துகள் ஒதுக்கப்பட்டன. கிலோ மீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்ததாரருக்குக் கட்டணம் தரும் முறையில் அவை இயங்குவன. வாகனம் ஒப்பந்ததாரருடையது, ஓட்டுநரும் அவருடைய ஆள். கழகமே நேரடியாக வாங்கி இயக்க வேண்டும் என்று சங்கங்கள் கேட்கின்றன. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் கழகத்தின் ஊழியர்களுக்கானது. ஒப்பந்ததாரரின் ஓட்டுநர் அதன் எல்லைக்குள் வரமாட்டார்.