குழாய்க்கும் உண்டு கடன் வரலாறு

கோடைக் காலையில் தில்லித் தெருவொன்றில் நிலத்தடிக் குழாய் உடைந்தால், சற்று நேரத்தில் சாலை ஓடையாகிறது; அத்தெருவின் வீடுகளிலோ தொட்டி நிரம்புவதில்லை. இதனை முன்கூட்டியே அறிய இயலாதா என்னும் வினா எழுவது இயல்பே.

1998-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தில்லி குடிநீர் வாரியத்தின் விநியோகக் குழாய்கள் 15,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுள்ளன. அத்தனையையும் தோண்டிப் பார்ப்பது எவராலும் ஆகாது. இத்தகைய இடத்தில்தான் புள்ளியியல் துணை நிற்கிறது.

கடன் கேட்டு வருபவரின் பழைய தவணை வரலாற்றை வங்கியாளர் முதலில் பார்ப்பது வழக்கம். குழாய்க்கும் அதுவே பொருந்தும். முன்னர் உடைந்த குழாய் மீண்டும் உடையும் வாய்ப்பு மிகுதி. அதனுடன் வயது, விட்டம், வார்ப்பிரும்பா கல்நார் சிமெண்டா என்னும் வகை, மண்ணின் அரிக்கும் தன்மை, நீரழுத்தத்தின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றையும் சேர்த்து ஒவ்வொரு குழாய்க்கும் இடர் மதிப்பெண் இடுவர்.

1979-இல் ஷமீர், ஹோவர்டு என்னும் இருவர், வயது ஏற ஏற உடைப்புகள் கூட்டு வட்டியைப் போலப் பெருகுவதாகக் கொண்டு ஒரு கணக்கை வெளியிட்டனர். ஆண்டுக்கு 7 விழுக்காடு பெருகினால், ஏறத்தாழ 10 ஆண்டுகளில் உடைப்புகள் இரட்டிப்பாகும். பழுதுபார்க்கும் செலவையும் புதுக்குழாய் பதிக்கும் செலவையும் இன்றைய மதிப்புக்குக் கொணர்ந்து, இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறையும் ஆண்டே குழாயை மாற்ற உகந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இது சோதிடமன்று. ஆண்டுக்குச் சராசரியாக 2 உடைப்புகள் காணும் குழாய்கூட, ஓராண்டு முழுதும் உடையாதிருக்க ஏறத்தாழ ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆயினும், நூறு தெருக்களுள் முதலில் கவனிக்க வேண்டிய பத்தினை இக்கணக்கு சுட்டிக்காட்டும். தனியொருவரின் இறுதி நாளை அறியாமலே ஆயுள் காப்பீட்டு நிறுவனம் பிரீமியம் வகுப்பதும் இவ்வாறே.

உடைப்பினால் இழப்பது நீர் மட்டுமன்று. விநியோகம் நின்று அழுத்தம் குறையும் வேளையில், விரிசல் வழியே கழிவுநீர் உட்புகக்கூடும். அதன் விலையைச் செலுத்துவது குழந்தைகளின் உடல்நலம்.

இக்கணக்கிற்கு மூலதனம் பதிவேடே. நாளும் இடமும் குறிக்கப்படாமல் சரிசெய்யப்பட்ட உடைப்பு, பாஸ் புத்தகத்தில் ஏறாத பற்றுக்கு ஒப்பாகும். ஏட்டில் இருப்பு நிறைவாகத் தோன்றும், உண்மையில் குறைந்திருக்கும். ஆகவே தெருவில் கசிவு கண்டால், பிறர் தெரிவித்திருப்பர் என்று வாளாவிருத்தல் கூடாது. தில்லி வாழ் வாடிக்கையாளர்கள் 1916 என்னும் எண்ணில் தெரிவித்து, புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். இன்று பதிவாகும் ஒரு வரி, நாளை உடையவிருக்கும் குழாயை அடையாளம் காட்டும்.