24 பிட்டும் ஒரு மின்விசிறியும்

உட்கார் தம்பி, டீ சூடாக இருக்கிறது. சிடியாகக் கையில் இருக்கும் பாடல்களையே ‘ஹை-ரெஸ்’ ஃபைலாக மறுபடி காசு கொடுத்து வாங்கலாமா என்று கேட்கிறாய். முதலில் அட்டையில் போட்டிருக்கும் அந்த இரண்டு எண்களும் எதை அளக்கின்றன என்று பார்ப்போம்.

சிடி என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். ஒலி அலையை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதி வைக்கிறார்கள். விளம்பரங்களில் இதைப் படிக்கட்டு மாதிரி வரைந்து, 192 கிலோஹெர்ட்ஸில் படிகள் சிறுத்து அலை வழுவழுப்பாகிவிடுவதாகக் காட்டுவார்கள். அந்தப் படம் தவறு. புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள். ஒரே புள்ளி வரிசையை வைத்து வாசலில் பத்துக் கோலம் போடலாம். இங்கே அது முடியாது. அளக்கும் வேகத்தில் பாதியைத் தொடும் அதிர்வெண் எதுவும் உள்ளே இல்லை என்றால், அந்தப் புள்ளிகள் வழியே போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். நைக்விஸ்ட், ஷானன் பெயரால் வழங்கும் தேற்றம் இது. ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது அந்த வளைந்த அலைதான். 44,100இல் பாதி 22,050. நல்ல இளம் காதுக்கே 20,000 ஹெர்ட்ஸ்தான் எல்லை, வயது ஏற ஏற அதுவும் இறங்கும்.

இனி பிட். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதை அது சொல்கிறது. 16 பிட்டுக்குச் சுமார் 96 டெசிபல், 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியைக் கேள். அந்த இரைச்சல் 40 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் 96 ஏறினால் 136. காது வலிக்கும். வீட்டுக்கு 16 பிட்டே தாராளம். பதிவுக்கூடத்தில் மட்டும் 24 அவசியம்: பாடுகிறவர் திடீரென்று குரலை உயர்த்தினாலும் ஒலி உடையாதபடி லெவலைத் தாழ்த்திப் பதிவார்கள், பிறகு ஏற்றும்போது இரைச்சல் கூடவே வரக் கூடாது.

ஃப்ளாக் (FLAC) ஃபைல் என்றாலே ஹை-ரெஸ் என்று நினைத்துவிடாதே. அது எதையும் இழக்காமல் மடித்து வைக்கும் பை; சிடி தரமும் அதில் இருக்கும்.

காதை வைத்தே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2007இல் மேயர், மோரன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ என்ற ஹை-ரெஸ் வட்டுகளின் ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கி, மூல ஒலியோடு எது எது என்று கேட்பவர்களுக்குச் சொல்லாமல் ஒப்பிட வைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசு சுண்டினாலும் அவ்வளவு வரும். 2016இல் ஜோஷுவா ரீஸ் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சரியான விடை 52.3 சதவீதம் வந்தது. ஏதோ இருக்கலாம், ஆனால் நூலிழை அளவுதான்.

“எனக்கு வித்தியாசம் கேட்டதே, அண்ணா” என்கிறாய். கேட்டிருக்கும், நம்புகிறேன். ஹை-ரெஸ் வெளியீட்டுக்குப் பல நேரம் மாஸ்டரிங்கையே, அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் வேலையையே, புதிதாகச் செய்கிறார்கள். சத்தத்தை நசுக்காமல் விட்டால் மிருதங்கத்தின் அடி அடியாகவே விழும். அது கைவேலையின் பலன். அதற்காகக் காசு கொடு, மகிழ்ச்சியாகக் கொடு.

வீட்டில் ஒன்று செய்து பார். அந்த ஹை-ரெஸ் ஃபைலையே 44.1/16 ஆக மாற்றிக்கொள். கணினியில் ஃபூபார்2000 என்ற பிளேயரைப் போட்டு, எது எது என்று மறைத்துக் கேட்க வைக்கும் ஏபிஎக்ஸ் செருகுநிரலையும் சேர்த்து, அதில் இரண்டையும் கொடு. ப்ளூடூத் வேண்டாம், அது ஒலியை மறுபடி சுருக்கிவிடும்; ஒயர் ஹெட்ஃபோனே போதும். 16 முறை கேள். 12 தடவையாவது சரியாகச் சொன்னால் என்னிடம் வா, எந்தப் பாட்டு என்று நானும் கேட்க வேண்டும்.