பட்டும் நாணயமும்

கமண்டல நாக நதிக்கரையில், பட்டுச் சேலைகளுக்குப் பிரசித்தி பெற்று விளங்கும் ஆரணியில், சரக்கின் தரத்தை அறிய விரும்புவோர்க்கு எளிய பரீட்சை ஒன்று உண்டு: சேலையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தினால், அசல் பட்டாயின் மயிர் பொசுங்கும் வாடை வீசிச் சாம்பல் விரலிடையே பொடியாக உதிரும், பாலியெஸ்டராயின் உருகிக் கெட்டியான உருண்டையாகத் திரளும்.

வியாபாரத்தில் நிலைபெற்றோரின் அனுபவமும், சரக்கின் சத்தியமே முதல் மூலதனம் என்பதையே போதிக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் நல்லி சின்னசாமி செட்டியார் 1928-ஆம் ஆண்டில் சென்னை தியாகராய நகரில் தொடங்கிய சிறு பட்டுக் கடையை, 1956-ல் இளம் பிராயத்திலேயே ஏற்றுக்கொண்ட அவருடைய பேரர் குப்புசாமி செட்டியார், அயல்நாடுகள் வரை அதன் பெயர் பரவும்படி வளர்த்து, 2003-ல் பத்மஸ்ரீயும் 2025-ல் பத்மபூஷணும் பெற்றார்.

ஆகவே, ஜவுளித் தொழிலில் பிரவேசிக்கும் இளைஞர்கள், பட்டு எவ்வளவு, ஜரிகை எத்தகையது என்பதை வாடிக்கையாளரிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்வதையும், தறியில் அமர்ந்து உழைப்பவரின் கூலியை உரிய காலத்தில் கொடுப்பதையும் தம் நித்திய தர்மமாகக் கொள்ள வேண்டும். வாங்குவோரும், மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் வழங்கப்பட்டு வரும் சில்க் மார்க் முத்திரையைப் பார்த்து வாங்கினால், நேர்மையாக நெய்பவரின் உழைப்புக்கு உரிய விலை கிடைக்கும்.