ப்ளூஸ்: பருத்திக் காட்டுப் பாட்டும் அதைக் காத்த சங்கங்களும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசல் நிலம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அம்மண், ஐப்பசி மழையில் காலை விடாமல் பற்றிக்கொள்ளும். வானம் பார்த்த இந்தப் பூமியில் கம்பும் சோளமும் உளுந்தும் விளைந்தாலும், உலகச் சந்தையில் இதற்குப் பெயர் வாங்கித் தந்தது பருத்தியே. கருங்கண்ணி, உப்பம் என்னும் நாட்டுப் பருத்திகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கடல் கடந்தன. 1901-ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

திருநெல்வேலிப் பருத்திக்கு விலை திடீரென உயர்ந்த காலம் ஒன்றுண்டு. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடைபெற்ற உள்நாட்டுப் போரின்போது அந்நாட்டுத் தென் மாநிலங்களின் பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குச் செல்வது தடைப்பட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பிய நிலங்களுள் நம் கரிசலும் ஒன்று. அங்கே அந்தப் பருத்தியைப் பயிரிட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். அவர்களுள் முஸ்லிம்கள் கணிசமாக இருந்தனர் என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்று ஒப்புக்கொள்கின்றனர். அந்த மக்களிடமிருந்து பிறந்த இசையே ப்ளூஸ். இசையைப் பற்றி ஓர் அரபுக் கல்லூரி ஆசிரியன் எழுதுவானேன் என வியக்கும் வாசகர் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ப்ளூஸ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் நீலங்கள் என்பதாகும். ஆங்கிலேயர் பேச்சு மரபில் நீலம் மனச்சோர்வின் நிறம். ஒருவர் தம் துயரைத் தாமே எடுத்துரைக்கும் தனிக்குரல் பாட்டு இது. முதலடியைப் பாடுவார், அதையே மறுபடியும் பாடுவார், மூன்றாம் அடியில் அதற்கு விடையோ எதிர்மொழியோ வரும். பாடும் குரல் ஓய்ந்த இடத்தில் கித்தார் பேசும். சுருதியிலும் ஒரு தனித்தன்மை உண்டு. காந்தாரமும் நிஷாதமும் தமக்குரிய இடத்தில் நேராக நில்லாமல் இரண்டு இடங்களுக்கு நடுவே வழுக்கி நிற்கும். அரபு இசையின் 'ராஸ்த்' மகாமில் மூன்றாம் சுரம் நிற்கும் இடத்தைக் கேட்டுப் பழகியவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னரும் அம்மக்கள் அதே பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழுதனர். ஆண்டிறுதியில் கணக்குப் பார்க்கும்போது பண்ணையாரின் ஏட்டில் கடன்தான் மிஞ்சியிருக்கும். மிஸிஸிப்பி ஆற்றுப் படுகையில் 1895-இல் உருவான டாக்கரி பண்ணையில் வாழ்ந்து பாடிய சார்லி பேட்டன், இவ்விசையின் முன்னோடிகளுள் தலையாயவர். 1903-ஆம் ஆண்டளவில் டட்வைலர் என்னும் சிற்றூரின் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்த டபிள்யூ. சி. ஹேண்டி என்னும் இசைக்கலைஞர், கந்தலாடை உடுத்த ஒருவர் கத்தியைக் கம்பியின்மேல் வழுக்கியபடி கித்தார் வாசித்துப் பாடக் கேட்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். பெயர் தெரியாத அந்தப் பாடகரிடம் கேட்டதே பின்னர் அச்சேறி, 1920 முதல் இசைத்தட்டாகவும் உலகெங்கும் பரவியது.

இனி நமக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம். இன்றைய செனகல் நாட்டுப் பகுதியான ஃபூத்தா தோரோவில் 1770-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் உமர் இப்னு சயீத். மார்க்கக் கல்வியில் பல்லாண்டு கழித்தவர். போரில் பிடிபட்டு 1807-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். 1831-இல் அரபு மொழியில் தம் வரலாற்றை எழுதினார். அமெரிக்க அடிமை ஒருவர் அரபியில் எழுதிய தன்வரலாறாக இன்று அறியப்படும் அக்கையெழுத்துப் பிரதியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017-இல் பெற்றுப் பாதுகாத்து வருகிறது. அவர் அதனை சூரத்துல் முல்க்கைக் கொண்டு தொடங்குகிறார். ஆட்சியும் உரிமையும் முற்றிலும் யாருடையவை என்று பேசும் அத்தியாயத்தைத் தம்மை விலைக்கு வாங்கியவரின் வீட்டில் அமர்ந்து அவர் எழுதினார் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ஜார்ஜியாவின் சப்பலோ தீவில் அடிமையாக இருந்த பிலாலி முஹம்மது விட்டுச்சென்ற 13 பக்க ஏடு, இப்னு அபீ ஸைத் அல்கைரவானியின் 'ரிஸாலா'வைத் தழுவி உளூவையும் தொழுகையையும் பற்றிப் பேசுவது. நினைவிலிருந்து எழுதப்பட்ட மாலிக்கி பிக்ஹு அது.

இவர்களுக்கும் ப்ளூஸுக்கும் என்ன தொடர்பு? 1739-இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே அங்குப் பறையும் கொம்பும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. ஓசையால் ஆள் திரட்டிவிடுவார்கள் என்ற அச்சம். தாளக்கருவியைச் சார்ந்த மரபுகள் இதனால் நலிந்தன. சாஹில் பகுதி மக்களின் மரபோ நரம்புக்கருவியையும் தனிக்குரலையும் சார்ந்தது. அது தப்பிப் பிழைக்க வழியிருந்தது. இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தவர் 'அல்லாஹ்வின் அடியார்கள்' என்னும் பொருள்படும் நூலை 1998-இல் வெளியிட்ட சில்வியான் தியூஃப். ஆற்றங்கரை அணை கட்டும் கூலிகள் தனித்துக் கூவிப் பாடிய பாட்டின் ஒலிப்பதிவையும் பாங்கின் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து அவர் தம் சொற்பொழிவுகளில் ஒப்பிட்டுக் காட்டினார். ஓரெழுத்தை நீட்டி அதன்மீது பல சுரங்களை ஏற்றுவது, குரல் நடுங்கி இறங்குவது, அடிகளுக்கிடையே நெடிய மௌனம் ஆகியவை இரண்டிலும் உள்ளன. ஆஸ்திரிய இசையியலறிஞர் கெர்ஹார்ட் குபிக் 1999-இல் வெளியிட்ட தம் ஆய்வில், ப்ளூஸின் பாடும் முறையில் அரபு-இஸ்லாமியச் சாயல் படிந்த மேற்கு சூடானியப் பகுதியின் கூறுகள் மிகுதி என்றார்.

ஒரு மாணவர் தம் கைபேசியில் அந்தக் கூலிப்பாட்டை எனக்குப் போட்டுக் காட்டியபோது, தொலைவில் ஏதோ ஒரு பள்ளியில் வயது முதிர்ந்த மோதினார் அஸருக்கு அழைப்பதாகவே முதல் சில விநாடிகள் எண்ணினேன். ஆயினும் காதுக்குப் பட்டது ஆதாரமாகிவிடாது. எழுத்தை நீட்டிப் பாடுதல் உலகின் பல இசைகளிலும் உண்டு. நம் ஒப்பாரியிலும் உண்டு. அம்மக்கள் வட்டமாகச் சுற்றி வந்து பாடும் 'ஷவுட்' என்னும் வழிபாட்டுப் பெயர், கஅபாவை ஒருமுறை வலம் வருவதைக் குறிக்கும் 'ஷவ்த்' என்னும் அரபுச் சொல்லே என்பாரும் உளர். ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஓரளவு ஒத்திருக்கிறது, இடையில் சங்கிலி இல்லை. இஸ்னாத் அறுந்த செய்தியை ஹதீஸ் கலையில் எப்படிக் கையாள்வோமோ அப்படியே இதனையும் கையாள வேண்டும். ப்ளூஸ் முழுவதும் பாங்கிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் முழங்குவது நமக்கு அழகன்று. அதன் பல வேர்களுள் ஒன்று குர்ஆன் ஓதிப் பழகிய தொண்டைகளிலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்புண்டு என்ற அளவில் நிற்பதே நேர்மை.

இவ்விசை எவ்வாறு அழியாமல் நின்றது என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 1960-களுக்குப் பின் கறுப்பின இளைஞர் வேறு இசைகளுக்குப் போயினர். பருத்தி எடுக்கும் இயந்திரம் வந்துவிட்டதால் காட்டு வேலையும் போயிற்று. அப்பொழுது ஊர்தோறும் எழுந்தவையே ப்ளூஸ் சங்கங்கள். ஆண்டுச் சந்தா கட்டும் சிறு கூட்டம் ஒன்று, மாதத்தில் ஓரிரவு ஒரு கூடத்தில் பாட்டுக் கச்சேரி வைக்கும். புதிதாகக் கற்பவர் முதியவர் பக்கத்தில் அமர்ந்து வாசிக்க இடம் தரும். பள்ளிக்கூடங்களுக்குக் கலைஞரை அழைத்துச் செல்லும். ஆண்டுக்கொரு விழா நடத்தும். இவற்றையெல்லாம் இணைக்கும் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் 1980-இல் மெம்பிஸ் நகரில் தோன்றியது. 1984 முதல் அது நடத்திவரும் போட்டிக்கு ஊர்ச் சங்கங்களே தத்தம் பாடகர்களைத் தேர்ந்து அனுப்புகின்றன. நோயுற்ற கலைஞரின் மருத்துவச் செலவுக்கும் ஈமச் செலவுக்கும் அதனிடம் தனி நிதியுண்டு.

அர்க்கான்சாஸ் மாநிலத்தின் ஹெலினா நல்ல எடுத்துக்காட்டு. நம் கோவில்பட்டியைப் போல் பருத்தியால் வளர்ந்த ஆற்றங்கரை ஊர். 1941-இல் மாவு விற்கும் நிறுவனம் ஒன்றின் விளம்பரத்துக்காக அவ்வூர் வானொலியில் தொடங்கிய ப்ளூஸ் நிகழ்ச்சி, பண்ணைக் கூலிகள் பகலுணவுக்கு வந்து அமரும் நேரத்தில் ஒலித்தது. அதில் பாடிய ஸன்னி பாய் வில்லியம்ஸன் 1965-இல் மறைந்தார். அவர் பெயரில் அமைந்த ஊர்ச் சங்கம் 1986-இல் தொடங்கிய விழாவுக்கு இன்றும் அக்டோபர் மாதத்தில் அயல்நாட்டாரும் வந்து கூடுகின்றனர். குறையும் இல்லாமலில்லை. கேட்க வருவோருள் பெரும்பாலோர் வெள்ளையர், நரை கண்டவர். பாட்டைப் பெற்றெடுத்த மக்களின் பேரப்பிள்ளைகள் அக்கூட்டத்தில் குறைவு. காத்தவர் வேறு, உரியவர் வேறு என்ற நிலை அது.

1934-இல் மறைந்த சார்லி பேட்டனின் அடக்கத்தலத்துக்கு 1991-இல்தான் அன்பர்கள் பெயர்க்கல் நட்டனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் கப்ரை அடையாளம் காண ஒரு கல்லை வைத்த செய்தி அபூதாவூதில் இருப்பதை நாம் அறிவோம். கட்டடம் எழுப்புவது வேறு, அடையாளம் வைப்பது வேறு.

நம் நாட்டிலும் ப்ளூஸ் உண்டு. 2003-இல் ஷில்லாங்கில் தோன்றிய 'சோல்மேட்' குழு 2007-இல் மெம்பிஸ் போட்டியில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றது. மும்பையில் மெஹ்பூப் கான் நிறுவிய படப்பிடிப்பு நிலையத்தில் 2011-இல் பெரிய ப்ளூஸ் விழா தொடங்கப்பட்டது. ஆனால் நிறுவனங்களின் ஆதரவில் நுழைவுச்சீட்டு விற்று நடத்துவது வேறு. ஊரார் சந்தா போட்டு நடத்துவது வேறு.

கரிசலுக்கு இவ்வகை ஊர்க்காப்பு புதிதன்று. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் அச்சானது எட்டயபுரத்தில். விளாத்திகுளம் சுவாமிகளின் இராக ஆலாபனையை இன்று நாம் ஓரளவேனும் உணர்வது, அவரைச் சுற்றி அமர்ந்து கேட்ட கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் போன்றோர் எழுதி வைத்ததனால். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலத்துக்குக் கோவில்பட்டியில் சிலை நிற்கிறது. அதே எட்டயபுரத்தில்தான் சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் அடங்கியுள்ளார். அவருடைய அடக்கத்தலத்தில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நினைவிடம் எழுப்பியவர் பிச்சையாக் கோன் என்னும் இந்து அன்பர் என்பர். அரசு 2007-இல் மணிமண்டபம் கட்டியது.

ஆனால் சீறாவின் 5,027 விருத்தங்களை எந்த இராகத்தில் எப்படிப் பாடினார்கள்? ரபீஉல் அவ்வல் இரவுகளில் ஒருவர் பாட மற்றவர் உரை சொல்லக் கேட்டவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். பெண்கள் வீட்டுத் திண்ணைகளில் நூறு மசலாவையும் பெண்புத்தி மாலையையும் பாடிய மெட்டு யாருக்கு நினைவிருக்கிறது? 1973-இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு முதல் நம் அறிஞர்கள் ஆற்றிய பணி மகத்தானது. மறைந்த நூல்கள் கண்டெடுக்கப்பட்டன, பதிப்பிக்கப்பட்டன, ஆய்வேடுகள் பெருகின. அவையனைத்தும் ஏட்டைக் காத்தன. தொண்டையை எவரும் காக்கவில்லை. மெம்பிஸிலும் ஹெலினாவிலும் நடந்தது இதற்கு நேர் எதிரானது: பாட்டை எழுதி வைக்கும் முன்னரே பாடியவரைத் தேடிப் போனார்கள்.

நம்மிடையே இதற்கு ஒரு தடையும் உண்டு; அதை மறைத்துப் பயனில்லை. கந்தூரி விழாக்களே நம் கச்சேரி மேடைகளாக இருந்தன. நாகூர் ஹனிபா அவர்களின் குரலைச் சிற்றூர் மக்கள் நேரில் கேட்டது அம்மேடைகளில்தான். மார்க்கச் சீர்திருத்தத்தின் பெயரால் கந்தூரிகள் பல ஊர்களில் நின்றபோது, நிறுத்த வேண்டியவற்றோடு நிறுத்த வேண்டாதவையும் போயின. இசை கூடுமா, கூடாதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு நெடுங்காலமாக உள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஸமாவுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கி, நிபந்தனைகளோடு இடம் தந்தார்கள். கடுமையாக மறுத்தவர்களும் உள்ளனர். நான் இங்குப் பத்வா வழங்கவில்லை. நரம்புக்கருவி இல்லாமல், நபிபுகழும் நல்லுரையும் கொண்ட பாட்டை ஒரு முதியவர் பாட, அதைப் பதிவு செய்து வைப்பதில் எந்த மத்ஹபின்படி தவறு என்று கேட்க மட்டும் விரும்புகிறேன். ஒரு ஜமாஅத்தில் இதைக் கேட்டபோது, "பாவாக்களை உள்ளே விட்டால் மறுபடியும் கொடியேற்றமும் வந்துவிடும்" என்றே பதில் வந்தது. அந்த அச்சத்தையும் நான் எள்ளி நகையாட மாட்டேன்.

ரமலான் மாதத்தில் ஸஹருக்கு எழுப்பத் தாயிரா தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வந்த பக்கீர்ஷாக்களின் வேலையைக் கைபேசி மணி எடுத்துக்கொண்டது. சென்ற ரமலானில் என் மாணவர் இருவர் கரிசல் ஊர் ஒன்றில் அப்படிப் பாடிவந்த முதியவர் ஒருவரைத் தேடிக் கண்டனர். இஷாவுக்குப் பின் அவர் வீட்டு முற்றத்தில் அமர்ந்து கைபேசியிலேயே பதிவு செய்தனர். நபிமார் வரலாற்றைச் சொல்லும் நெடும்பாட்டு ஒன்றைத் தொடங்கினார். யூனுஸ் (அலை) அவர்கள் மீன் வயிற்றில் இருக்கும் இடம் வரை வந்து நிறுத்திக்கொண்டார். மீதி மறந்துவிட்டதா என்று கேட்டதற்கு, மறக்கவில்லை, தெருவில் நடந்துகொண்டே பாடினால்தான் வரும் என்றாராம். முழங்கால் வலி சற்றுக் குறைந்ததும் மாணவர்கள் அவரை ஒருமுறை அத்தெருக்களில் கைப்பிடித்து அழைத்துச் செல்வதாக ஏற்பாடு.